குடும்பம் வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு

கேள்வி: வெளிநாட்டில் வேலைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மனைவியும் ஆறு வயது மகனும் மூன்று மாதத்துக்கு முன்புதான் வந்து சேர்ந்தார்கள். மனைவி பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். இங்கே எல்லாவற்றுக்கும் என்னையே எதிர்பார்க்கிறார். நான் வீடு திரும்பியதும் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை. பையன் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்கிறார் ஆசிரியர். சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் வருகிறது. இருவரையும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். மூன்றாவது மாதத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். புது நாட்டில் குடியேறுகிறவரின் மனநிலையை மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் நான்கு கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார்: முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எல்லாம் எரிச்சலூட்டும், மெல்லத் தேறும், பழகிப்போகும். எல்லோருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்பது பிற்பாடு தெளிவானது. ஆனால் புதுமை வடிந்ததும் ஒரு சரிவு வருவது பலருக்கும் நேர்கிறது. நீங்கள் அதைத் தாண்டி ஓராண்டு ஆகியிருக்கும். உங்கள் மனைவி இப்போதுதான் அதற்குள் இருக்கிறார். உங்களுக்கு உதவ அன்று அலுவலகம் இருந்தது, சக ஊழியர்கள் இருந்தார்கள். அவருக்கு நீங்கள் மட்டும்தான்.

‘எல்லாவற்றுக்கும் என்னையே எதிர்பார்க்கிறார்’ என்கிறீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில்? மின் கட்டணம், இணைய இணைப்பு? பள்ளியில் கொடுத்த கைபேசி எண் யாருடையது? வங்கி ஓடிபி யார் போனுக்கு வருகிறது? பெரும்பாலும் எல்லாமே முதலில் வந்தவர் பெயரில்தான் இருக்கும். முகவரிச் சான்று இல்லாதவரால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. பல ஊர்களில் நூலக அட்டைகூட வாங்க முடியாது. ஆக, அவர் உங்களை எதிர்பார்ப்பது அவரது இயல்பால் அல்ல, காகிதங்கள் அப்படி அமைந்திருப்பதால்.

இதை வரிசையாகத்தான் சரிசெய்ய முடியும். வீட்டு உரிமையாளரிடம் கேட்டு ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேருங்கள். மறுத்தால், உடன் வசிப்பவர் என்று ஒரு கடிதமாவது எழுதி வாங்குங்கள். அதைக் கொண்டு முகவரிப் பதிவு, அதைக் கொண்டு அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவருக்கென்று கைபேசி எண். பிறகு பள்ளியிலும் மருத்துவரிடமும் அவர் எண்ணை முதல் தொடர்பாக மாற்றுங்கள். இது முடியவே சில வாரங்கள் ஆகும். கூடவே அவருடைய குடியிருப்பு அனுமதியில் வேலை பார்க்க அனுமதி உண்டா என்ற வரியைப் படியுங்கள். சில நாடுகளில் துணைவர் உடனே வேலைக்குப் போகலாம், சிலவற்றில் தனி அனுமதி வேண்டும், சிலவற்றில் முடியவே முடியாது. மூன்றில் எது என்று தெரிந்தால்தான் மொழி வகுப்பா, படிப்பா, வேலை தேடுவதா என்று அவரால் திட்டமிட முடியும். மகனின் பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்கே தரப்படுகிறது. அனுமதியைப் புதுப்பிக்கப் போகும் நாளில்தான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

காகிதம் மாறியதும் வேலைகளைக் கைமாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை போதும்: முதல் தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், அடுத்த தடவை அவர் செய்ய நீங்கள் அருகில் நில்லுங்கள், மூன்றாவது அவர் தனியாக. கெட்டுப்போவது எப்போதும் இரண்டாவது தடவையில்தான். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறியதும் நீங்கள் குறுக்கே புகுந்து பேசி முடித்துவிடுவீர்கள். அந்தப் பத்து நொடி மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். நேரில் பேசுவதில் தொடங்கி, தொலைபேசி உரையாடலைக் கடைசிக்கு வையுங்கள். எதிரில் முகமும் கையசைப்பும் இல்லாமல் அயல்மொழியில் பேசுவது அனைத்திலும் கடினம்.

மகனைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். புது மொழிச் சூழலில் விழுந்த குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. விளையாட்டுப் பேச்சு வர ஏறக்குறைய 2 ஆண்டு, பாடத்துக்கான மொழி வகுப்புத் தோழர்களுக்கு இணையாக வர 5 முதல் 7 ஆண்டு ஆகலாம் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் கணக்கிட்டார். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசாதீர்கள். கதை சொல்வதும் காரணம் விளக்குவதும் நன்றாகத் தெரிந்த மொழியில் நடந்தால்தான் சிந்தனை வளரும்; அங்கே கற்றதை அவன் புது மொழிக்கும் எடுத்துப் போவான்.

அவனுக்கு உடனடியாகத் தேவை ஐந்தே வாக்கியங்கள்: கழிப்பறைக்குப் போகணும், தண்ணீர் வேணும், வலிக்குது, புரியலை, நானும் விளையாடலாமா. முதல் நான்கைப் படமாக வரைந்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தாலும் போதும். ஐந்தாவதை மட்டும் வாயால் சொல்லப் பழக்குங்கள். நட்பு அதில்தான் தொடங்கும். ஒரே ஒரு பையனையாவது வார இறுதியில் வீட்டுக்கு விளையாட அழையுங்கள். வீட்டிலும் உங்கள் மகன் தமிழில் பேசுவதைக் குறைத்தாலோ, தூக்கமும் சாப்பாடும் ஒரு மாதமாகக் கெட்டிருந்தாலோ, பேசாமலிருப்பது பல மாதம் நீண்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: இரண்டொரு ஆண்டில் உங்கள் இருவரையும்விட அவன் அந்த மொழியை நன்றாகப் பேசக்கூடும். அப்போது மருத்துவமனையிலோ வங்கியிலோ அவனை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். அந்தச் சுமை பிள்ளைக்கு ஆகாது.

ஊர் போன் எளிதில் தீரும். பெற்றோர் கண்ட நேரத்தில் கூப்பிடக் காரணம், எப்போது பேசுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாததுதான். வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரம், இருபது நிமிடம் என்று சொல்லி, தவறாமல் நீங்களே கூப்பிடுங்கள். கடிகாரத்தைக் கோடையில் மாற்றும் நாடாக இருந்தால் ஆண்டில் இருமுறை நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் நகரும், முன்பே சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடச் சொல்லுங்கள். ஒற்றை அழைப்பைச் சாப்பிட்டு முடித்துப் பார்க்கலாம். மனைவி தன் வீட்டாருடன் தனியாகப் பேச அவருக்கென்று நேரம் வேண்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல். அவசரமாக ஊருக்குப் போய்வர ஒருவருக்கான விமானக் கட்டணத்தையும் தொடாமல் வைத்திருங்கள். நடுராத்திரி போனைக் குறித்த பயம் பாதி குறையும்.

பணத்தில் ஒன்றே சொல்கிறேன். சொந்தமாகச் சம்பாதித்தவர் இப்போது ஒவ்வொரு செலவுக்கும் கேட்டு வாங்குகிறார் என்றால் சண்டை வேறு பெயர்களில் வெளிவந்துகொண்டேயிருக்கும். மாதம் இவ்வளவு என்று அவர் கணக்கில் போட்டுவிடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ‘இன்னிக்கு என்ன செஞ்சே?’ என்று கேட்பதைத் தவிருங்கள். நாளெல்லாம் பெரியவர்கள் யாரிடமும் பேசாமல் இருந்தவருக்கு அது கணக்குக் கேட்பதுபோல் விழும். முதல் இருபது நிமிடம் கைபேசியை ஒதுக்கிவைத்து அவர் பேசுவதைக் கேளுங்கள். தீர்வு சொல்ல வேண்டாம். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால் அது ஊர் ஏக்கம் மட்டும் இல்லை, மருத்துவரிடம் போங்கள். நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

திருப்பி அனுப்பும் யோசனைக்கு ஒரு தேதி குறியுங்கள்: பள்ளிப் பருவம் முடியும் நாள், அல்லது இன்றிலிருந்து ஆறு மாதம். அதுவரை சண்டையில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நாளில் மூன்றைப் பாருங்கள்: அவர் தனியாகச் செய்துமுடிக்கும் காரியங்கள் எத்தனை, மகனுக்கு நண்பன் இருக்கிறானா, உங்கள் மூலம் அறிமுகமாகாத ஒருவராவது அவருக்குத் தெரிந்திருக்கிறாரா. அப்போதும் போகத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.