வேட்டி கட்டி வந்தவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா பக்கம் இருக்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபோது என் மகள் கிண்டர்கார்டன். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் ஜூம்தான். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் மியூட், அன்மியூட் படித்தாள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்பதற்காக எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் இரவு 11 மணி வரை காத்திருந்தேன். கிடைத்தது ஒரு நிமிடம். பாதி வாக்கியத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். இப்போது அவள் மிடில் ஸ்கூல். புத்தகம் என்றாலே ஓடுகிறாள். போன மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்த போர்டு உறுப்பினர்களில் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஓட்டுக் கேட்டார். எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். “ஊரில் இதைவிட அதிக நாள் மூடிக்கிடந்தது, யார் சண்டை போட்டார்கள்?” என்கிறார் மாமியார். “கிரீன் கார்டு வரும்வரை வம்பு வேண்டாம்” என்கிறார் கணவர். இத்தனை வருடம் கழித்தும் கோபம் வருவது தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தப்பே இல்லை. அந்தப் பாதி வாக்கியம் உங்கள் தொண்டையிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

மாமியார் கணக்கு சரி. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள். ஆனால் அங்கே முடிவெடுத்தது மாநில அரசு. கோபப்பட்டால் கோட்டையைப் பார்த்துக் கோபப்பட வேண்டியதுதான். உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை நடத்துவது ஓட்டு வாங்கி வந்த ஐந்து அல்லது ஏழு உள்ளூர்க்காரர்கள். கடையில் தக்காளி பொறுக்கும்போது எதிரே வருவார்கள். முகம் தெரிந்தவர் பதில் சொல்லாமல் போனால் அது அதிகமாகத்தான் வலிக்கும்.

நீங்கள் தனி ஆளும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஓக்லி என்ற சின்ன ஊரில் போர்டு கூட்டம் ஆன்லைனில் நடந்தது. வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ‘இந்தப் பெற்றோர்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குத்தான் நம்மைப் பிடுங்குகிறார்கள்’ என்ற ரீதியில் பேசிவிட்டார்கள். அத்தனையும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. சில நாட்களில் மொத்த போர்டும் ராஜினாமா.

சான் ஃபிரான்சிஸ்கோ கதை இன்னும் பெரிது. பள்ளிகள் பூட்டிக்கிடந்த 2021 ஜனவரியில், 44 பள்ளிகளின் பெயரை மாற்ற அங்கே போர்டு தீர்மானம் போட்டது. லிங்கன், வாஷிங்டன் பெயர்கள்கூடப் பட்டியலில் இருந்தன. அந்தப் பெயர்களைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அது இன்னொரு நாள். உள்ளே பிள்ளைகள் இல்லாத கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை மாற்றுகிறார்களே என்றுதான் பெற்றோருக்கு எரிந்தது. அடுத்த வாரமே, பள்ளியைத் திறக்கச் சொல்லி நகர நிர்வாகம் தன் ஊர்ப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் (அந்த போர்டின் கீழ் உள்ள பள்ளி நிர்வாகம்) மேலேயே வழக்குப் போட்டது. ஏப்ரலில் பெயர் மாற்றத்தைக் கைவிட்டார்கள், சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். பெரிய பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆகஸ்ட் வரை வீட்டில்தான். 2022 பிப்ரவரி 15 அன்று பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கும், திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தி மூன்று உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சிவா ராஜ், இந்தியாவிலிருந்து போன ஓர் அப்பா.

இதைப் படித்ததும் உங்கள் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அன்று தப்பு எல்லாம் போர்டின் தலையில் மட்டும் இல்லை. எந்த அளவுக்குத் தொற்று குறைந்தால் திறக்கலாம் என்று விதித்தது மாநிலமும் கவுண்டி (மாவட்ட) சுகாதார அதிகாரியும். ஆசிரியர் சங்கத்தோடு உடன்பாடு எட்ட வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியும் கிடைக்கவில்லை, அந்தப் பயம் நடிப்பில்லை. போர்டை நான் குறை சொல்வது வேறு விஷயத்துக்கு: ‘எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்ததும் சொல்கிறோம்’ என்று சொல்லக்கூட அவர்கள் தயாராக இல்லை. ஒரு நிமிடம் கொடுத்து, அதையும் அணைத்தார்கள்.

சரி, இப்போது மகள். உங்கள் கடிதத்தில் அவளுக்கு நான்கைந்து வரிதான் இருக்கிறது, போர்டுக்குத்தான் மீதி எல்லாம். இந்த வாரமே பள்ளிக்கு ஈமெயில் எழுதுங்கள்: வாசிப்பில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள், எந்தத் தேர்வை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், என்ன உதவி தருகிறீர்கள். இது ஜூமால் வந்த இடைவெளியாக இருக்கலாம். டிஸ்லெக்ஸியா (எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம்) போன்ற ஒன்று அந்த இரைச்சலில் மறைந்து போயிருக்கவும் கூடும். சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டத்தை உங்களிடம் தர வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

பின்தங்கியதற்கு அவளைத் திட்டவும் வேண்டாம். 2020க்கும் 2022க்கும் நடுவே அமெரிக்க 9 வயதுப் பிள்ளைகளின் தேசிய மதிப்பீட்டில் வாசிப்பு 5 புள்ளியும் கணக்கு 7 புள்ளியும் சரிந்தன. பாதிக்கப்பட்ட சில குடும்பங்கள் கலிஃபோர்னியா மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டன. 2024 பிப்ரவரியில் சமரசம் ஆனது: குறைந்தது 200 கோடி டாலரை, அதிகம் பின்தங்கிய மாணவர்களைத் தூக்கிவிடச் செலவழிக்க வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கு எவ்வளவு வந்தது, யாருக்குச் செலவானது? வேட்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2021இல் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அவரிடம் மனப்பாடமான பதில் இருக்கும். இதற்கு இருக்காது.

கணவரின் பயத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன், விசாவில் இருப்பவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். ஆனால் வம்பு எது, உரிமை எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டு கூட்டத்தில் பேச குடியுரிமை தேவையில்லை. 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், போர்டை விமர்சிப்பதைத் தடுக்கக்கூடாது, கூட்டத்துக்கு வர உங்கள் பெயரைக் கட்டாயமாகக் கேட்கக்கூடாது என்று உள்ளாட்சிக் கூட்டங்களுக்கான கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் சொல்கிறது. நேரத்துக்கு வரம்பு வைக்கலாம், அதனால் முக்கியமான வரியை முதலில் சொல்லிவிடுங்கள். பள்ளியிலேயே இருக்கும் ஸ்கூல் சைட் கவுன்சில் என்ற பெற்றோர்-ஆசிரியர் குழுவுக்குப் பெற்றோராக நீங்கள் போட்டியிடலாம். டிஸ்ட்ரிக்ட் பணத்தை எப்படிச் செலவழிக்கப் போகிறது என்ற வருடாந்திரத் திட்டத்துக்கு ஜூன் வாக்கில் பொது விசாரணை நடக்கும், அங்கே ஆளே இருக்காது. போய் உட்காருங்கள்.

கணவர் பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம், 2016இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த விதி அது. நீங்கள் அந்த நகரத்துக்குள் இல்லையென்றால் அதை நம்பி எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். டிஎம்வியில் (வாகன உரிம அலுவலகத்தில்) லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்தால்கூட கிரீன் கார்டு சிக்கலாகும். வேட்பாளர் நன்கொடை கேட்டால் அதுவும் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் உள்ளூர்த் தேர்தலுக்கும் பணம் தரக்கூடாது என்பது ஃபெடரல் சட்டம். செல்ஃபி எடுத்தவர்களில் யாராவது அவருக்குக் காசோலை எழுதியிருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் காட்டுங்கள்.

அன்று எழுதி வைத்த பேச்சு இன்னும் போனில் இருக்கும் என்று நினைக்கிறேன். மகளுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறீர்களா? அவளுக்காகத்தான் அந்த இரவு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அவளுக்கு இன்னும் தெரியாமலே இருக்கலாம்.