ஆலையை ஜோகூருக்கு மாற்றினால் வரி குறையுமா?

கேள்வி: சிங்கப்பூரின் செனோக்கோவில் 22 ஊழியர்களுடன் மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலமிடும் தனியார் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 300,000 சிங்கப்பூர் வெள்ளி வரிக்குரிய லாபம் வருகிறது. கட்டட வாடகை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. புதுப்பித்தால் வாடகை கணிசமாக உயரும். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இப்போது வரி வெறும் 5 விழுக்காடுதான், நிறுவனத்தையே அங்கே கொண்டுபோய்விடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படி மாற்ற முடியுமா? எவ்வளவு வரி மிச்சமாகும்? ஜோகூரின் வளர்ச்சியை நம்பி இறங்கலாமா?

பதில்: உங்கள் நிலையில் உள்ள நிறுவனத்திற்கு ஜோகூரில் வரி குறையாது, கூடும். ஆனாலும் அங்கே போவது லாபமாக இருக்கக்கூடும். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்திற்கான உடன்பாட்டை இரு நாடுகளும் 2025 ஜனவரி 7ஆம் தேதி அறிவித்தன. அதையொட்டி, தகுதிபெறும் நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காட்டுச் சிறப்பு வரி விகிதத்தை மலேசியா அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு மற்றும் குவாண்டம் கணினிக்கான விநியோகத் தொடர், மருத்துவக் கருவிகள், விமானப் பாகங்கள், உலகளாவிய சேவை மையங்கள் போன்ற துறைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட சலுகை அது. மண்டலத்தின் எல்லைக்குள் கடை விரித்த எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதன்று. மிளகாய்ப் பொடி அந்தப் பட்டியலில் இடம்பெறும் என்று நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். உணவு பதப்படுத்தும் ஆலைகளுக்குப் பொதுவான முதலீட்டுச் சலுகைகள் பொருந்துமா என்று மலேசிய முதலீட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு போய்க் கேட்பதில் பயனிருக்காது.

சலுகை இல்லையென்றால் மலேசியாவின் நிறுவன வரி 24 விழுக்காடு. சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 விழுக்காடும், அதற்கு மேல் 600,000 ரிங்கிட் வரை 17 விழுக்காடும்தானே என்று உங்கள் நண்பர்கள் கேட்கலாம். பலரும் இடறி விழுகிற இடம் இதுதான். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல், நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டு நிறுவனங்களிடமோ மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களிடமோ நேரடியாகவோ மறைமுகமாகவோ இருந்தால், அந்தக் குறைந்த விகிதங்கள் கிடைக்கமாட்டா. உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தின் துணை நிறுவனமாக ஜோகூர் நிறுவனம் அமைந்தால், முதல் ரிங்கிட்டிலிருந்தே 24 விழுக்காடுதான். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயருக்குப் பங்குதாரராக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் அதன்பின் எந்த யோசனையும் கேட்காதீர்கள்.

சிங்கப்பூரில் விகிதம் 17 விழுக்காடு என்றாலும், முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காட்டுக்கும் அடுத்த 190,000 வெள்ளியில் பாதிக்கும் வரிவிலக்கு உண்டு. ஆகவே 300,000 வெள்ளி லாபத்தில் 102,500 வெள்ளி கழிந்து, மீதி 197,500 வெள்ளிக்கு மட்டும் 33,575 வெள்ளி வரி கட்டுகிறீர்கள். அதாவது மொத்த லாபத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு. இதே லாபம் முழுவதும் ஜோகூரில் எழுந்தால் வரி 72,000 வெள்ளி. இருமடங்குக்கும் மேல்.

நிறுவனத்தையே தூக்கிக்கொண்டு போவது சட்டப்படியும் நடக்காது. வெளிநாட்டு நிறுவனம் தன் பதிவைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொள்ள 2017 முதல் வழி இருக்கிறது; இங்கிருந்து வெளியே மாற்றிக்கொள்ள அத்தகைய வழி இல்லை. எனவே சிங்கப்பூர் நிறுவனம் இங்கேயே இருக்க, ஜோகூரில் புதிதாக ஒரு துணை நிறுவனம் தொடங்கி, அரைப்பதையும் பொட்டலமிடுவதையும் மட்டும் அங்கே அனுப்புவதே நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு. வணிகப் பெயர், வாடிக்கையாளர்கள், கொள்முதல், கணக்கு எல்லாம் இங்கேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில், எடுத்துக்காட்டாக, லாபத்தில் 120,000 வெள்ளி ஜோகூரிலும் 180,000 வெள்ளி சிங்கப்பூரிலும் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜோகூரில் வரி 28,800 வெள்ளி. சிங்கப்பூரில் 92,500 வெள்ளி விலக்குப் போக 87,500 வெள்ளிக்கு 14,875 வெள்ளி. இரண்டும் சேர்த்து 43,675 வெள்ளி; இப்போது கட்டுவதைவிட 10,100 வெள்ளி அதிகம். ஜோகூரின் பக்கம் நீங்கள் வைக்க வேண்டிய முதல் செலவுக் கணக்கு இதுதான். வாடகையிலும் சம்பளத்திலும் வெளிநாட்டு ஊழியர் தீர்வையிலும் மிச்சமாகும் தொகை இதைவிடவும், எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றி வரும் செலவைவிடவும், இரண்டு நாட்டிலும் தணிக்கை, செயலாளர் கட்டணம் கட்டுவதைவிடவும் கூடுதலாக இருந்தால் மட்டுமே மாற்றம் பயன் தரும். 22 பேர் வேலை செய்யும் ஆலையில் அது சாத்தியமே. ஆனால் மிச்சம் வரியிலிருந்து வராது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. இரண்டு நிறுவனங்களும் ஒரே உரிமையாளருடையவை என்பதால், தொடர்பில்லாத இருவர் பேரம் பேசினால் என்ன விலை படியுமோ அந்த விலைக்கே ஒன்று மற்றதற்கு விற்க வேண்டும். இங்கே உள்நாட்டு வருவாய் ஆணையமும் அங்கே மலேசிய வரி வாரியமும் இதைக் கேட்கும். ஜோகூர் ஆலைக்கு உற்பத்திச் செலவின் மேல் நியாயமான ஒரு விகிதத்தை லாபமாக வைத்து, அந்த விகிதம் எப்படி முடிவானது என்பதை முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஈட்டிய லாபத்தை இங்கே கொண்டுவருவதில் சிக்கல் குறைவு. பங்காதாயத்தின் மீது மலேசியா வரிப் பிடித்தம் செய்வதில்லை. அங்கே வரி கட்டிய லாபம், அங்குள்ள அதிகபட்ச நிறுவன வரி விகிதமும் 15 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், நிபந்தனைகள் நிறைவேறும்போது சிங்கப்பூர் நிறுவனத்தின் கையில் மீண்டும் வரிக்கு உட்படாது. ஜோகூர் நிறுவனத்தின் பங்குகளை உங்கள் சொந்தப் பெயரில் வைத்துக்கொண்டால் மட்டும், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட்டைத் தாண்டும் பங்காதாயத்திற்கு 2025 முதல் 2 விழுக்காடு வரி உண்டு. ஆகவே பங்குகள் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். அதோடு, சிங்கப்பூர் நிறுவனத்தின் முக்கிய முடிவுகளைச் சிங்கப்பூரில் கூடியே எடுங்கள். வீட்டை ஜோகூர் பாருவுக்கு மாற்றிக்கொண்டு, அங்கே உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் தீர்மானித்தால், வரிக்காக நிறுவனம் எந்த நாட்டில் வசிப்பதாகக் கொள்வது என்ற கேள்வி எழும்.

அடுத்து ஜோகூரின் பொருளியல். 2024இல் அது 6.4 விழுக்காடு வளர்ந்தது. மலேசிய மாநிலங்களில் அதுவே முன்னணி. 2006இல் இஸ்கந்தர் மலேசியா என்ற வளர்ச்சி வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்து ஏற்றமும் இறக்கமுமாகப் போன இடம் இப்போது வேகம் பிடித்திருப்பது உண்மை. ஆனால் அந்த வேகத்தைக் கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். தரவு நிலையங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அவை நிலத்தையும் மின்சாரத்தையும் நீரையும் ஏராளமாக எடுத்துக்கொள்கின்றன. ஆட்களைக் குறைவாகவே வேலைக்கு வைக்கின்றன. மாநிலம் வளர்வதைப் பார்த்து நீங்கள் போகிறீர்கள். அதே வளர்ச்சிதான் நீங்கள் தேடும் தொழிற்கூடத்தின் வாடகையையும் ஏற்றுகிறது.

ஆள் விஷயமும் அப்படியே. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் எல்லை கடக்கும் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி கட்டப்படுகிறது. நீங்கள் ஆலையைப் பார்க்கப் போக அது வசதி. உங்கள் ஆலையில் வேலை செய்யக்கூடியவர் சிங்கப்பூரில் வெள்ளிச் சம்பளம் தேடி வரவும் அதே வசதிதான். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்வரை, ஜோகூரில் நல்ல இயந்திர இயக்குநரைத் தக்கவைப்பது எளிதாக இருக்காது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். நீங்கள் கணக்குப் போடும்போது அந்தத் தொகையை வைக்காமல், ஆள் உண்மையில் வரக்கூடிய தொகையை வையுங்கள்.

மாநில அரசின் கைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவன வரியும் சுங்கமும் கோலாலம்பூர் மத்திய அரசின் அதிகாரம். நிலம், நீர், உள்ளாட்சி அனுமதி ஆகியவை மாநிலத்தின் கையில். ஜோகூர் அரசு எவ்வளவு அன்போடு அழைத்தாலும் உங்கள் 24 விழுக்காட்டில் ஒரு விழுக்காட்டையும் அதனால் குறைக்க முடியாது. ஆனால் அனுமதியை விரைவுபடுத்த அதனால் முடியும். 2025 முதல் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டதே சிங்கப்பூரோடு வேலை செய்பவர்களுக்கு நல்ல உதவி. முன்பு வெள்ளிக்கிழமை வந்தாலே அலுவலகக் கதவு பூட்டியிருக்கும்.

உங்கள் தொழிலுக்கே உரிய சில செய்திகளும் உண்டு. ஜோகூரில் அரைத்த பொடி சிங்கப்பூருக்குள் வரும்போது அது இறக்குமதி. சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும். எல்லையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். நீங்கள் அந்த வரிக்குப் பதிவு செய்தவர் என்றால் பின்னர் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தந்த ஹலால் சான்றிதழ் செனோக்கோ ஆலைக்கானது. புதிய ஆலைக்கு மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் வாங்க வேண்டும். பொட்டலத்தின் மேல் உள்ள ‘சிங்கப்பூரில் தயாரிக்கப்பட்டது’ என்ற வாசகமும் போய்விடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அந்த வாசகத்துக்காகவே உங்களிடம் வாங்குகிறார்களா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தால், குறைந்தது 10 பேர் உள்ள நிறுவனம் என்பதால், ஊழியரிடம் தெரிவித்த 5 வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஈராண்டு அல்லது அதற்கு மேல் பணிபுரிந்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை சம்பளம் கொடுப்பது வழக்கம். பழைய இயந்திரங்களை ஜோகூர் நிறுவனத்திற்கு விற்றால், இதுவரை கழித்த தேய்மானத்தில் ஒரு பகுதி வரிக்குரிய வருமானமாகத் திரும்பி வரக்கூடும். இந்த இரண்டு தொகையும், கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் செலவும் முதல் ஆண்டிலேயே விழும்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது, கட்டட உரிமையாளரிடம் மூன்றாண்டுக்குப் பதிலாக ஓராண்டு நீட்டிப்புக் கேட்பது. வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அந்த ஓராண்டில் ஜோகூரில் உரிமம் பெற்ற ஆலை ஒன்றுக்கு உங்கள் இரண்டு மூன்று பொடிகளை மட்டும் அரைக்கக் கொடுத்து, தரமும், கடற்பாலத்தில் லாரி நிற்கும் நேரமும், ஒரு கிலோவுக்கு உண்மையில் ஆகும் செலவும் எப்படி இருக்கின்றன என்று எழுதி வாருங்கள். ஒன்பதாம் மாதம் அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கணக்காளரிடம் போங்கள்.