கிராக் போட்டோஷாப்பை தூக்கிட்டு கிம்ப்புக்கு மாறலாமா?

கேள்வி: அண்ணே, காவேரிப்பட்டணத்துல சின்னதா ஸ்டூடியோ வச்சிருக்கேன். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, கல்யாண ஆல்பம்னு வண்டி ஓடுது. இத்தன நாளா கிராக் போட்டோஷாப்தான், போன மாசம் வைரஸ் பூந்து ஒரு பார்ட்டியோட நிச்சயதார்த்த போட்டோ பூரா போச்சு. ஒரிஜினல் வாங்கலாம்னா மாசாமாசம் காசு கட்டச் சொல்றான். இலவச சாஃப்ட்வேர வச்சு பொழப்ப ஓட்ட முடியுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஓட்டலாம் தம்பி, ஆனா ஒரே சாஃப்ட்வேர்ல எல்லாம் முடியாது. மொதல்ல கிம்ப்ங்கிற இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர போடுங்க, அதோட சொந்த வெப்சைட்லருந்து மட்டும் இறக்குங்க. 1996லருந்து இருக்கு, 2025ல 3.0 வந்துச்சு. பரு எடுக்க ஹீல் டூல், முகம் வெளுக்க கர்வ்ஸ், பேக்ரவுண்ட் மாத்த லேயர் மாஸ்க், எல்லாமே இருக்கு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) வச்சா 413க்கு 531 பிக்சல், 4க்கு 6 இன்ச் பேப்பர்ல எட்டு தாராளமா அடங்கும். ஒருதடவ அந்த ஷீட்ட ரெடி பண்ணி வச்சுட்டா அப்புறம் மூஞ்சிய மாத்துறதுதான் வேல.

புதுசா வர்றவங்க எல்லாரும் திட்டுறது ஒரு இடத்துலதான், சேவ் குடுத்தா எக்ஸ்சிஎஃப்னு ஒரு ஃபைல் வரும், அத பிரிண்ட் போடுற லேப்புக்கு அனுப்பினா அவன் முழிப்பான், ஜேபெக் வேணும்னா ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் ஆஸ் போகணும். ஆனா எக்ஸ்சிஎஃப்பையும் அழிச்சிடாதீங்க, லேயரெல்லாம், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச வேலையெல்லாம், அதுலதான் தனித்தனியா இருக்கு, பார்ட்டி மறுநாள் வந்து "பொண்ணு கொஞ்சம் கருப்பா தெரியுது"ன்னு நிப்பாங்க பாருங்க, அப்ப தேவைப்படும். இன்னொன்னு, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு பழகின கைக்கு இது வரம், யூனிகோட் தமிழ்ல நேரா டைப் பண்ணலாம், கொம்பு தனியா கால் தனியா பிச்சுக்காது.

இடிக்கிறது ஆல்பத்துலதான். கடையில வாங்கி வச்சிருக்கிற பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட்ல ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அதாவது உள்ள இருக்கிற படத்த மட்டும் மாத்திக்கிற லேயர், இருந்தா கிம்ப் சொதப்பும். அதுக்கு போட்டோபீ இருக்கு, பிரவுசர்லயே ஓடும், ஓரத்துல விளம்பரம் வரும், பொறுத்துக்கங்க. நெட்ல ஓடுதேன்னு பயப்படாதீங்க, படம் உங்க சிஸ்டத்த விட்டு வெளிய போகாது. ராம் கம்மியா இருந்தா பெரிய ஆல்பம் பக்கம் திணறும், அதனால ஒவ்வொரு பக்கமா தொறங்க.

சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையோட நாலு கலர் முறை, பத்தி யாராச்சும் பயமுறுத்துவாங்க. போட்டோ லேப்புக்கு சாதாரணமா எஸ்ஆர்ஜிபி (ஸ்கிரீன்ல வழக்கமா வர்ற கலர் முறை) ஜேபெக் போதும். மாங்கா சீசன்ல மண்டிக்காரங்க கேக்குற ஃப்ளெக்ஸ் பேனருக்கு மட்டும் எழுத்து வேலைய இங்க்ஸ்கேப்ங்கிற இலவச டிசைன் சாஃப்ட்வேர்ல பண்ணி பிடிஎஃப்பா குடுங்க, கோரல்ட்ரா (காசு குடுத்து வாங்குற டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைல்தான் வேணும்னு அடம்புடிக்கிற பிரிண்டரா இருந்தா அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க.