மஞ்சள், வசம்பு, பெருங்காயம்: கடைச் சரக்குக் கேள்விகள்

கேள்வி: ஈரோட்டில் வாங்கிய விரலி மஞ்சள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கிறது. மாவு மில்லில் கொடுத்து அரைக்கலாமா? (பெருந்துறை வாசகி)

பொறுங்கள். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் உருட்டி மெருகேற்றித்தான் விற்பார்கள். வழவழப்பு இயல்பு, கண்ணைப் பறிக்கும் நிறம் அப்படியல்ல. சில இடங்களில் லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசுகிறார்கள். அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; குழம்பில் கொதித்தாலும் போகாது. இரண்டு விரலியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்காமல் வையுங்கள். போட்ட உடனே தண்ணீர் பளீரென்று மஞ்சளானால் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக ஈரோட்டில் விற்பதெல்லாம் ஈரோடு மஞ்சள் ஆகிவிடாது. கொஞ்சம் மங்கலாக இருப்பதையே நான் வாங்குவேன்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்கு வசம்பைச் சுட்டு, தேனில் உரசி நாக்கில் தடவச் சொல்கிறார் அமுச்சி (அம்மாவின் அம்மா). கொடுக்கலாமா? (கோபி வாசகி)

வேண்டாம் அம்மிணி. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற, எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய வேதிப்பொருள் காரணமாக அதை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-லேயே தடை விதித்தது. கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் வரலாம். தேனோ, ஒரு வயது முடியும்வரை ஆகவே ஆகாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும். அமுச்சியிடம் சண்டை வேண்டாம். வாங்கிய வசம்பை அரிசி மூட்டைக்குள் போட்டுவிடுங்கள், வண்டு அண்டாது.

கேள்வி: பெருங்காய டப்பாவில் மைதா என்று போட்டிருக்கிறதே, கலப்படமா? (தாராபுரம் வாசகர்)

இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பெருங்காயப் பால் (செடியின் வேரில் வடியும் பிசின்) அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமானது. மாவும் கோந்தும் சேர்த்துத்தான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் மட்டும் அரிசி மாவு சேர்த்ததா என்று பார்த்து வாங்கவும்.

கேள்வி: இருமலுக்கு அதிமதுரப் பொடி சாப்பிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. (பொள்ளாச்சி வாசகர்)

இன்றே நிறுத்துங்கள். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.