தீபாவளிக்கு வரும் மகளைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எங்களுக்குக் காரைக்கால் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மகளுக்கு 11 வயது. நுழைவுத் தேர்வு எழுதி மத்திய அரசின் நவோதயா விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்து இந்த வருஷம் 6-ஆம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. “பாவாடை தொலைஞ்சு போச்சும்மா, மேல் கிளாஸ் அக்கா ஒருத்தங்க அவங்க துணியையும் என்னையே துவைக்கச் சொல்றாங்கம்மா, வந்து கூட்டிட்டுப் போயிடும்மா” என்று ஒரே அழுகை. அவள் இருப்பது நீலகிரி ஹவுஸ். அதே ஹவுஸில் பையன்களும் இருக்கிறார்களாம். இதைக் கேட்டதிலிருந்து மாமியார் தினமும் பேசுகிறார். “நாளைக்கு வயசுக்கு வரப் போற பொண்ணை ஆம்பளப் பசங்களோட ஒரே கட்டடத்துல படுக்க வெச்சுட்டு உனக்கு எப்படித் தூக்கம் வருது?” என்கிறார். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றி மகள் ஆசையாகச் சொன்னால், “அது எந்தத் தெருப் பொண்ணு?” என்று அதையும் நோண்டுகிறார். தீபாவளி லீவுக்கு வருகிறவளை அப்படியே நிறுத்தி ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? — பெயர் வேண்டாம், காரைக்கால்.

பதில்: அன்புத் தங்கைக்கு, நிறுத்தாதீர்கள். அழுகைக்காகவும் வேண்டாம், மாமியாரின் பேச்சுக்காகவும் வேண்டாம். ஆனால் அந்தத் துணி துவைக்கும் விஷயத்தை லேசில் விடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடுதிப் பள்ளி ஒன்றில் பெண்பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாசிரியையாகப் பல வருஷம் இருந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கவனிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

முதலில் மாமியாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நவோதயாவில் ஹவுஸ் என்றால் கட்டடம் இல்லை, அணி. ஆராவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நாலு மலைகளின் பெயரில் பள்ளி முழுவதையும் பிரித்திருப்பார்கள். 6 முதல் 8 வரை ஜூனியர், அதற்கு மேல் ஸீனியர். காலை அசெம்பிளி நடத்துவது, கோகோ, வாலிபால், நாடகம், கோலப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் அந்த அணிக்குத்தான் மார்க். அந்த அணியில் பையன்களும் உண்டு, பெண்களும் உண்டு. படுக்கிற இடம் வேறு. பெண்கள் டார்மிட்டரி தனி, பையன்கள் டார்மிட்டரி தனி. பெண்கள் பக்கம் பொறுப்பு ஆசிரியையும், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனும் இருப்பார்கள். இரவு சாப்பாடு, படிப்பு முடிந்து ரோல் கால் எடுத்த பிறகு அவரவர் பக்கம் கதவு சாத்தியாகிவிடும். வகுப்பறையும் மெஸ்ஸும் மைதானமும்தான் பொது. மாமியாரை ஒருமுறை பெற்றோர் சந்திப்புக்குக் கூட்டிப் போய் அந்தக் கட்டடங்களைக் கண்ணால் பார்க்க வையுங்கள். நீங்களும் நானும் பத்து நாள் எடுத்துச் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பையன்களோடு ஒரே அணியில் இருப்பதால் உங்கள் மகளுக்கு நல்லதும் உண்டு. கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, எட்டு வருஷம் ஒன்றாகப் படித்தும் ஒரு வார்த்தை பேசாமலே பிரிந்து போவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே அசெம்பிளியில் செய்தி வாசிக்கும் பையனுக்கு உச்சரிப்பைத் திருத்துபவள் அதே ஹவுஸின் பெண். நாடகத்துக்குத் திரை கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒரு பையன். ஆணைக் கண்டால் ஒதுங்கவும் தெரியாமல், பேசவும் தெரியாமல் வளர்வதைவிட இது எவ்வளவோ மேல். 13, 14 வயதில் ஒருவன் மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்யும். வந்தால் அதை உங்களிடம் சொல்லும்படி அவளை வைத்துக்கொள்ளுங்கள். “பேர் கெட்டுப் போகும்” என்று இப்போதே மிரட்டி வைத்தால், பின்னால் நிஜமாகவே ஒரு தொந்தரவு வரும்போதும் வாயைத் திறக்க மாட்டாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பாடம் ஒன்று உண்டு. அது பையன்களைப் பற்றி மட்டும் இல்லை. தொடக்கூடாத இடத்தில் யார் தொட்டாலும், அது சக மாணவனோ, ஸீனியர் பெண்ணோ, சமையல்காரரோ, ஆசிரியரோ, கத்த வேண்டும், ஓட வேண்டும், அன்றைக்கே சொல்ல வேண்டும். மேட்ரனிடம் சொல்லலாம், உங்களிடம் சொல்லலாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். அந்த எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரிய வந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. மூடி மறைப்பது குற்றம். இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தத் துணி விஷயம். 11 வயதுப் பிள்ளை தன் துணியைத் தானே துவைப்பதில் தப்பில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும், கட்டிலுக்கு அடியில் பெருக்க வேண்டும், தண்ணீர் வரும் நேரத்தில் பக்கெட்டோடு வரிசையில் நிற்க வேண்டும், காயப்போட்டதை மழைக்கு முன் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் கை வலிக்கும், பிறகு பழகிவிடும். ஆனால் தன் துணி வேறு, அக்காவின் துணி வேறு. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் விடுதிகளில் இது மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். “பாப்பா, தண்ணி பிடிச்சுட்டு வா” என்று ஒருநாள். மறுநாள் பெட்ஷீட். அதற்கடுத்து வீட்டிலிருந்து வந்த முறுக்கில் பாதி. அந்த ஸீனியரும் 6-ஆம் வகுப்பில் யாருக்கோ துவைத்தவளாகத்தான் இருப்பாள். “நாங்க பட்டோம், நீங்களும் படுங்க” என்று வருஷா வருஷம் கைமாறி வருவது இது. அந்தப் பெண்ணை ராட்சசியாக நினைக்க வேண்டாம். அதற்காக விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். போனில் கேட்டால் டார்மிட்டரி முழுக்கப் பரவி, “அம்மாகிட்ட போட்டுக் கொடுத்தவ” என்ற பெயர் உங்கள் மகளுக்கு வந்துவிடும். அவளுக்குத் துவைப்பதைவிடப் பெரிய தண்டனை அது. நேரில் போங்கள், பொறுப்பு ஆசிரியையைத் தனியாகப் பாருங்கள். மகள் பெயரையோ அந்தப் பெண்ணின் பெயரையோ எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். “சின்னப் பிள்ளைங்க துணி துவைக்கிற நேரத்துல யாராவது பார்த்துக்கிறாங்களா டீச்சர்? பெரிய பிள்ளைங்க துணியும் இவங்க கையில வருதுன்னு கேள்விப்பட்டேன்” என்று கேளுங்கள். வேலை தெரிந்த ஆசிரியைக்கு இது போதும். அடுத்த ஞாயிறு துவைக்கும் இடத்தில் அவரே வந்து நிற்பார், யார் பக்கெட்டில் யார் துணி என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பெயர் சொல்லி, முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள்.

பாவாடை தொலைந்ததற்குக் கவலைப்படாதீர்கள். எல்லாரும் ஒரே யூனிஃபார்ம் போடும் இடத்தில் கொடியில் துணி மாறத்தான் செய்யும். கையில் தையல் மெஷின் இருக்கிறதே, பட்டைக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் அவள் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துவிடுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதினால் நாலு துவையலில் போய்விடும்.

அழுகைக்கு வருகிறேன். அழுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மா குரலைக் கேட்டதும்தான் அழுவார்கள். போனை வைத்த கால் மணி நேரத்தில் அதே பிள்ளை மைதானத்தில் கத்திக்கொண்டு ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு நடப்பது அம்மாவுக்குத் தெரியாது, பாவம், இரவெல்லாம் தூங்காமல் கிடப்பாள். அதனால் மேட்ரனிடம் வாரத்தின் நடுவில், புதன் போல ஒருநாள், “சாப்பிடறாளா? தூங்கறாளா? யாரோட சேர்ந்து சுத்தறா?” என்று விசாரியுங்கள். மகளிடம் பேசும்போது “நல்லா இருக்கியா?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே கண்ணீரை வரவழைக்கும். “இந்த வாரம் சடை பின்னி விட்டது யாரு? பேன் போச்சா? ராத்திரி மெஸ்ல என்ன? கோகோல உங்க ஹவுஸ் ஜெயிச்சுதா?” என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். சொல்லச் சொல்ல அழுகை நிற்கும். மாதம் ஒரு கடிதமும் போடுங்கள். குரல் அந்த நிமிஷத்தோடு போய்விடும், கடிதம் ட்ரங்க் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

உங்கள் மாமியாரின் அந்த “எந்தத் தெரு?” தான் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் ஒரு வருஷத்தில் மகளுக்கும் தெரிந்துவிடும். நவோதயாவில் முக்கால்வாசி இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு. மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு. ஊருக்குள் ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஒரே ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் படுத்துத் தூங்குகிறார்கள். நான் பார்த்த ஒரு பிள்ளை, சேர்ந்த புதிதில் யார் பாட்டிலிலும் தண்ணீர் குடிக்காது. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி காய்ச்சலில் வாந்தி எடுத்தபோது, மேட்ரன் வருவதற்குள் மேல் கட்டில் பிள்ளை இறங்கி வந்து, வாயைத் துடைத்து, தன் டம்ளரிலேயே வெந்நீர் கொடுத்துவிட்டது. இருவரும் வேறு வேறு தெரு. அன்றிலிருந்து தண்ணீருக்குத் தனிப் பாட்டில் கிடையாது. இது நடக்கும் என்பதற்காகவே இப்படிப்பட்ட விடுதிகளை நான் நம்புகிறேன். வீட்டுக்கு வரும்போது நீங்கள் கேட்கிற ஒரு கேள்வியில் அதைக் கலைத்துவிடாதீர்கள். மாமியார் மறுபடி கேட்டால் மகள் எதிரிலேயே, “என் மகளுக்குச் சடை பின்னி விடற பொண்ணு அத்தை, அவ்வளவுதான்” என்று சொல்லுங்கள். தீபாவளிப் பலகாரம் கட்டும்போது அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டி, அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.

இந்த லீவில் செய்ய வேண்டிய இன்னொன்று. மகள் பெரியவளாவது விடுதியில் இருக்கும்போதே நடக்கலாம். நாப்கின் எப்படி வைப்பது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எப்படிச் சுற்றிப் போடுவது என்று இப்போதே காட்டிக் கொடுங்கள். ஒரு பாக்கெட்டும் அடர்ந்த நிறத்தில் இரண்டு உள்ளாடையும் பெட்டியில் வையுங்கள். செய்தி வந்ததும் சடங்குக்கு என்று கூட்டி வந்தால் சில நாளில் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெருமுனையில் அவள் படத்தோடு பேனர் மட்டும் வைக்க வேண்டாம். அதை யாராவது படம் பிடித்தால் அவளோடு அசெம்பிளியில் நிற்கும் பையன்களின் வீடு வரை போகும். அந்தக் கூச்சத்தோடு அவள் எப்படி மேடையேறிப் பேசுவாள்?

நிறுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டி.சி. வாங்கிவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைப்பது கடினம். 9-ஆம் வகுப்பில் காலியாகும் இடங்களுக்கு வேறு தேர்வு உண்டு, அதற்கும் போட்டி பலமாக இருக்கும். தமிழ்நாட்டில் நவோதயா ஒன்றுகூடக் கிடையாது. தங்குவது, சாப்பாடு, யூனிஃபார்ம், புத்தகம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் இப்படி ஒரு பள்ளி உங்கள் வாசலிலேயே இருப்பது காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால்தான். 9-ஆம் வகுப்பில் 30 சதவீதம் பிள்ளைகளை ஒரு வருஷம் வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்புவார்கள் என்பதையும் இப்போதே மாமியார் காதில் போட்டு வையுங்கள். அதற்குள் அவரும் பழகிவிடுவார்.

இவ்வளவு சொன்னாலும், சில விஷயங்கள் நடந்தால் யாரையும் கேட்காமல் கூட்டி வந்துவிடுங்கள். உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம். ஒரு ஆளின் பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுபோவது. இத்தனை நாள் இல்லாமல் புதிதாகப் படுக்கையை நனைப்பது. உடல் இளைத்துக்கொண்டே போவது. எல்லாவற்றையும்விட, அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அழுவதையே நிறுத்தி, கேட்டதற்கெல்லாம் “ம்” மட்டும் சொல்வது. அடித்தார்கள் என்று தெரிந்தாலும் பொறுக்க வேண்டாம். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. பாவாடை தொலைந்ததையும் அக்கா வேலை வாங்குவதையும் பக்கத்துக் கட்டில் சிநேகிதியையும் ஒரே மூச்சில் கொட்டுகிற பிள்ளை மனம் விட்டுப் பேசுகிற பிள்ளை.

லீவு முடிந்து கொண்டுபோய் விடும்போது நீங்களே போங்கள். பலகாரப் பொட்டலத்தோடு ஒரு துவைக்கும் சோப்பு, பத்து கிளிப், பேன் சீப்பு, பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டின் இன்னொரு சாவி மேட்ரனிடம் இருக்கட்டும். பொறுப்பு ஆசிரியையை அன்றே பார்த்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார், துணி துவைக்கும் விஷயம் என்ன ஆனது என்று டிசம்பருக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாறவில்லை என்றால் முதல்வருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.