கனவில் கிடைத்தது பாதிப் பாட்டு

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’ பாடல் கனவில் பிறந்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மெட்டு மட்டுமே கனவில் வந்தது. லண்டன் விம்போல் தெருவில் தங்கியிருந்த, இந்த பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி, கண்விழித்ததும் அதைப் பியானோவில் வாசித்துப் பார்த்தார். எப்போதோ கேட்ட மெட்டைத்தான் தம்மையறியாமல் திரும்பச் சொல்கிறோமோ என்ற ஐயத்தில், இசையறிந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி நெடுநாள் விசாரித்தார். வரிகள் அமையும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய விளையாட்டுச் சொற்களை இட்டுப் பாடிவந்தார். (தத்தகாரத்துக்கு, அதாவது ‘தன்னன்னா’ போன்ற பொருளற்ற அசைகளில் பாடிக்காட்டும் மெட்டுக்கு, எழுதும் நம் பாடலாசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது.) உரிய சொற்கள் 1965 மே மாதம் போர்ச்சுகல் பயணத்தின்போதுதான் கைகூடின.

1965 ஜூன் 14 அன்று கிதாருடன் தனியாகவே பாடிப் பதிவுசெய்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ கொண்ட நால்வர் இசையைச் சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னபோது முதலில் தயங்கிய அவர், பின்னர் இசைந்தாலும், தந்திகளில் மிகையான குழைவு கூடாது என்று வற்புறுத்தினார். கனவைவிட இந்தக் கண்டிப்பே பாடலுக்குப் பெரிதும் உதவியது என்பது என் கருத்து. அமெரிக்காவில் அவ்வாண்டே தனி இசைத்தட்டாக முதலிடம் பிடித்த இப்பாடல், பிரிட்டனில் 1976 வரை அவ்வாறு வெளியாகவில்லை.