வாசகர் கேள்வி பதில்: பினாங்குல மீன் வாங்கணும்னா காலங்காத்தால எந்திரிங்க

போன தடவை இறால் சம்பால் பத்தி ஒரு வரி எழுதினதுக்கே இத்தனை கேள்வி வரும்னு நெனக்கல, அதனால இந்த வாரம் முழுக்க மீன், நண்டு, பசாருதான்.

ஸ்கூல் லீவுக்கு நாங்க ஒன்பது பேரு பினாங்கு வர்றோம். மாமியாருக்கு மீன் பசாரு பாத்து அங்கயே ஃப்ரெஷ்ஷா சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க போறது, எத்தன மணிக்கு?
வாசகி, ஈப்போ

நம்ம ஊருல மீன் வாங்குற எடம் வேற, சாப்பிடுற எடம் வேறங்க அக்கா, மீன கையில குடுத்தா பக்கத்துலயே பொரிச்சுத் தட்டுல வைக்கிறது இங்க பெரும்பாலும் கெடயாது, அத மனசுல வச்சு வந்தீங்கன்னா ஏமாற்றம் இருக்காது. ஒன்பது பேருன்னா ஹோட்டல விட அடுப்பு இருக்கற ஹோம்ஸ்டேதான் நல்லது. காலைல பசாரு, மத்தியானம் வீட்டுச் சமையல், ராத்திரி வெளிய சாப்பாடுன்னு வச்சுக்கோங்க.

ஜார்ஜ்டவுன்ல தங்குனா சௌராஸ்தா பசாருக்கே போங்க, பினாங்கு ரோட்டுலதான் இருக்கு, 1890-ல முதன்முதலா கட்டுனாங்க, அப்பறம் 1961-ல இடிச்சுத் திருப்பிக் கட்டுனது. முன்பக்கம் ஜாதிக்காய் ஊறுகாய் கடைங்க, மாடில பழைய புத்தகக் கடைங்க, வெளியூர்க்காரங்க நெறைய பேரு அதோட திரும்பிடுவாங்க. நீங்க உள்ள ஈரத்தரை இருக்கற பக்கம் போங்க, ஏழு மணிக்கெல்லாம் அங்க நிக்கணும், ஒன்பது தாண்டிட்டா நல்லதெல்லாம் போயிடும், மிச்சம் இருக்கறதுதான் கெடைக்கும். மாமியாருக்கு வழுக்காத செருப்பா போட்டுக் கூட்டிட்டு வாங்க, அந்தத் தரைல ஐஸ் தண்ணி ஓடிட்டே இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிறேன். வீட்லயே "வவ்வா மீனுதான், வஞ்சிரம்தான்"னு முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க. கடல் அன்னைக்கு என்ன குடுத்துச்சோ அத வாங்குங்க. கடைக்காரர் மலாய்க்காரரா இருந்தா "ஹாரி இனி இக்கான் அப்பா யாங் செகார்?"னு கேளுங்க, நம்மாளா இருந்தா "இன்னிக்கு எது வந்துச்சுண்ணே"ன்னா போதும். கலவா, கொடுவா, திருக்கை, கெம்போங் (கானாங்கெளுத்தி) எது நல்லா இருக்கோ அதுதான் அன்னைக்குக் கொழம்பு. வெட்டி சுத்தம் பண்ணித் தரச் சொல்லுங்க, தலைய மட்டும் விட்டுட்டு வந்துடாதீங்க. பசாருலயே அரைச்ச மசாலா விக்கிற கடைங்க இருக்கும், இத்தன கிலோ மீன், கொழம்புக்குன்னு சொன்னா அவங்களே அளந்து பையில போட்டுக் குடுப்பாங்க, தேங்காப்பாலும் புளியும் மட்டும் நீங்க பாத்துக்கிட்டா போதும்.

கார் இருந்தா இன்னொரு நாள் மத்தியானத்துக்கு மேல பாலேக் பூலாவ் பக்கம் பூலாவ் பெத்தோங் போங்க, சின்னப் படகுங்க மீனோட வர்றத மாமியார் கண்ணால பாக்கலாம். வெள்ளிக்கிழமை வேணாம், மலாய் மீனவங்க நெறைய பேரு அன்னைக்குக் கடலுக்குப் போறதில்ல. அங்கருந்து தெலுக் கும்பார் பக்கம்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு வாழை எலைல வச்சுச் சுட்ட திருக்கை, சம்பாலோட. டவுன்லயே சாப்பிடறதுன்னா நாசி கண்டார் கடைல மீன் முட்டைக் கொழம்பு கேளுங்க, தோள்ல கண்டார் கம்பு தூக்கி வித்த நம்ம தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பிச்ச சாப்பாடு அது, மாமியாருக்கு அந்தக் கதையயும் சொல்லுங்க.

பசாருல கெம்போங் வாங்கிப் பொரிச்சோம். சாப்பிட்டு அரை மணி நேரத்துல ரெண்டு பேருக்கு மூஞ்சி செவந்து அரிப்பு, தலவலி. மீன் நாறவே இல்ல. இது அலர்ஜியா?
வாசகர், செந்தூல்

அலர்ஜியாவும் இருக்கலாம், ஆனா ஒரே மீன் சாப்பிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வந்துச்சுன்னு சொல்றீங்க, அதுவும் கெம்போங்னு சொல்றீங்க, எனக்கு அலர்ஜி மாதிரியே காட்டுற ஹிஸ்டமின்ங்கற பொருள் மேலதான் சந்தேகம். கெம்போங், தொங்கோல், வஞ்சிரம் மாதிரி மீனுங்க புடிச்சதுக்கப்பறம் ஐஸ் பத்தாம வெய்யில்ல கெடந்தா, பாக்டீரியா அந்தச் சதைல ஹிஸ்டமின உண்டாக்கிடும். அது உண்டானதுக்கப்பறம் நீங்க எவ்வளவு பொரிச்சாலும், கொதிக்க வச்சாலும், ஃப்ரீசர்ல போட்டாலும் போகாது. நாத்தம் வரணும்னும் அவசியம் இல்ல, அதான் நெறைய பேரு ஏமாந்துடறாங்க. டாக்டர்கிட்ட போய் இன்ன மீன் சாப்பிட்டோம்னு சொல்லுங்க, இனிமே எப்பவாவது மூச்சுத் திணறல் வந்தா யோசிக்காம 999 அடிங்க.

இனி வாங்கும்போது கண்ணு குழி விழாம உப்பலா, தெளிவா இருக்கான்னு பாருங்க, செவுள தூக்குனா நல்ல செவப்பா இருக்கணும், பழுப்பா இருந்தா வச்சுட்டு நடங்க, வயித்த அமுக்குனா வெரல் பதிஞ்சு நிக்கக் கூடாது. இதெல்லாத்தயும் விட முக்கியம், மீனு ஐஸுக்குள்ள பொதஞ்சு இருக்கா, இல்ல ஐஸுக்கு மேல அழகுக்கு அடுக்கி இருக்கான்னு கவனிங்க. வாங்குனத கார்ல வச்சுட்டுத் தோசை சாப்பிடப் போறது ரொம்பத் தப்பு, நம்ம வெய்யில்ல ஒரு மணி நேரம் போதும். நான் ஐஸ் பெட்டி இல்லாம பசாருக்குப் போறதே இல்ல.

சீஃபூட் கடை மெனுல நண்டு 18 வெள்ளி (ரிங்கிட்)ன்னு இருந்துச்சு, நாலு சொன்னோம், 72 வரும்னு நெனச்சா பில்லு 360. ஏமாத்திட்டாங்களா?
வாசகர், பட்டர்வொர்த்

மெனுவ இன்னொரு தடவ பாக்க முடிஞ்சா பாருங்க சார், 18-க்குப் பக்கத்துல சின்னதா 100 கிராம்னு போட்டிருக்கும். ஒரு நண்டு அரை கிலோன்னா நாலு நண்டு 2 கிலோ, 20 தடவ 18, சரியா 360. கணக்கு தப்பு இல்ல. ஆனா உங்க கோவம் நியாயம், குடும்பத்தோட வந்து உக்காந்தவங்ககிட்ட "இது இத்தன கெராம், இத்தன வெள்ளி வரும், சமைக்கட்டுமா?"ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும், நல்ல கடைங்க கேக்கறாங்க. அந்த 100 கிராம் எங்கயுமே போடலன்னா நேரா உள்நாட்டு வாணிப அமைச்சு, கேபிடிஎன்னுன்னு சொல்றோமே, அங்க பில்லோட புகார் குடுங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவயில்ல.

இனிமே நண்டு, எறால், உயிர் மீன் எதுவா இருந்தாலும் அடுப்புக்குப் போறதுக்கு முன்னால உங்க கண்ணு முன்னால தராசுல வைக்கச் சொல்லுங்க, மொத்த வெலையத் துண்டுச் சீட்டுல எழுதி வாங்குங்க. கூச்சப்படவே வேணாம். நண்டத் தூக்கிப் பாருங்க, சைஸுக்குக் கனமா இருந்தா சதை இருக்குன்னு அர்த்தம், வயித்துல இருக்கற மடிப்பு அகலமா இருந்தா பொட்ட நண்டு, முட்டை வேணும்னா அதக் கேளுங்க, சதைதான் வேணும்னா மடிப்பு குறுகலா இருக்கற ஆண் நண்டு.

கெராங் (சிப்பி) லேசா வெந்தாதான் ருசின்னு வீட்டுக்காரர் சொல்றாரு, நான் மாசமா இருக்கேன், சாப்பிடலாமா?
வாசகி, பிறை

வேணாம்மா. சரியா வேகாத கெராங்ல ஹெபடைட்டிஸ் ஏங்கற கல்லீரல் நோய் வர வாய்ப்பு இருக்கு. கொழந்த பொறந்தப்பறம் ஆசைதீர சாப்பிடுங்க, அப்பயும் நல்லா வேக வச்சே சாப்பிடுங்க, வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

மீன் வெலை ஏன் ஒரு வாரம் ஒரு மாதிரி இருக்கு? யாபாரிங்கதான் ஏத்துறாங்களா?
வாசகர், பாயான் பாரு

எல்லாப் பழியயும் யாபாரி தலைல போடாதீங்க. கெம்போங் மாதிரி மீன வெளக்கு போட்டு வெளிச்சத்துக்குக் கூட்டித்தான் நெறைய புடிக்கிறாங்க, பௌர்ணமி வெளிச்சத்துல அந்த வெளக்கு எடுபடாது, வரத்து கொறயும். வருசக் கடைசில வடகிழக்குப் பருவக்காத்து வந்தா கெலந்தான், திரங்கானு பக்கம் படகு கடலுக்கே எறங்க முடியாது, அந்த மீனும் இல்லாம நம்ம பக்கத்து மீனுக்குக் கிராக்கி ஏறும். சீனப் பெருநாளுக்கு வவ்வாலும் எறாலும் ஏறுறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். நீங்க இருக்கற பாயான் பாருலருந்து தெக்கால போனா பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, அங்க கரையோரமா சின்னப் படகுல போய் எறாலும் நண்டும் புடிக்கிறவங்க இருக்காங்க. அந்தக் கடல்ல மண்ணு கொட்டித் தீவு கட்டுற திட்டம் மூணு தீவா இருந்து 2023-ல ஒண்ணாக் கொறஞ்சுது, அந்த ஒண்ணு கட்டிக்கிட்டே இருக்காங்க. அவங்க வலைல வர்றது கொறஞ்சா நம்ம தட்டுலயும் கொறயும்னு எனக்கு உண்மையாவே பயமா இருக்கு. அந்தப் பக்கம் போனா அவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க.

மாமனார் வீட்டாளுங்க முதல் தடவயா விருந்துக்கு வர்றாங்க. பட்ஜெட் கம்மி. கெம்போங் வச்சா மரியாத கொறச்சலா நெனப்பாங்களா?
வாசகி, நிபோங் தெபால்

நெனக்க மாட்டாங்க, தைரியமா வைங்க. ரெண்டு நாள் ஐஸ்ல கெடந்த பெரிய வஞ்சிரத்த விட காலைல வந்த கெம்போங் ஆயிரம் மடங்கு மேல. எங்கம்மா விருந்தாளிங்களுக்கு அதத்தான் செஞ்சாங்க. முதுகுப்பக்கம் ரெண்டு பக்கமும் கீறி, காஞ்ச மொளகா, சின்ன வெங்காயம், பெலாச்சான் (எறால் விழுது), கொஞ்சம் புளி, தேங்காப்பூ சேத்து வதக்கி அந்தக் கீறல்ல அமுக்கி அமுக்கி அடைச்சு, பத்து நிமிசம் அப்படியே வச்சுட்டு, மஞ்சத்தூள் தடவி, நெறைய எண்ணெயில ஒரே ஒரு தடவதான் திருப்புவாங்க, ரெண்டாவது தடவ திருப்புனா சம்பால் வெளிய வந்துடும். ஆளுக்கு ஒரு முழு மீன், தலையோட, சுடச்சுட. ரசமும் கங்கோங் கீரைப் பெரட்டலும் கூட இருந்தா போதும். ஆளு கணக்குக்கு மேல ரெண்டு மீன் சேத்தே வாங்குங்க, ரெண்டாவது கேப்பாங்க.